ஜெயபாலன் ‘ஏ’ எழுதிய முனை

“அது திரும்பும். முந்நூறு டன் இருந்தாலும் திரும்பும்” என்றார் ஜெயபாலன்.

யாரும் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. மனைவி வாசுகி கேட்டது, விரால் மீன் கிடைத்ததா என்றுதான். மகள் பிரேமலா பிள்ளை பெற்று இருபத்து மூன்று நாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. புண் ஆறுவதற்கு விரால் மீன் ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலாய் பாசாருக்குப் போய் வரச் சொல்லியிருந்தாள்.

“மீனா திரும்பும்?” என்றாள் வாசுகி.

“தூணோட தலைய சொல்றேன்.”

“தூணு ஒங்க தலையிலயே இருக்கட்டும். மீனு எங்க?”

மீன் மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்தது. அதை எடுத்து வரப் போனவர் பாதி வழியில் நின்று, கையை நீட்டி, காற்றில் ஒரு கனமான பொருளைத் தள்ளுவதுபோல் தள்ளிப் பார்த்துக்கொண்டார். அறைக்குள் தொட்டிலில் கிடந்த பேத்தி சிணுங்கியது. தூண், தலை, முந்நூறு டன் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அவர் தொட்டிலை நோக்கி ஓடினார். மீனை வாசுகிதான் எடுத்து வந்தாள்.

ஜோகூரில், செடெனாக்குக்குப் பக்கத்தில் பழைய பெரிய சாலைக்கு மேலே ஒரு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடும் சாலையை நிறுத்த முடியாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி, தொழிற்சாலை பஸ், விடிவதற்கு முன்னாலேயே சிங்கப்பூருக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில்தான் போக வேண்டும். ஒரு மணி நேரம் அடைத்தால் யோங் பெங் ஊர் வரைக்கும் வண்டி நிற்கும் என்று சொல்வார்கள். அதனால் சாலை நடுவில் இருந்த புல்திட்டில் மட்டும் தூணை எழுப்பினார்கள்.

தூண் எழுந்துவிட்டது. அதன் தலைதான் சிக்கல். பாலத்தைத் தாங்கும் தலை சாலைக்குக் குறுக்கே, இரண்டு கையையும் விரித்த மாதிரி நிற்க வேண்டும். அப்படிக் குறுக்கே கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துக் கட்டினால் சாரம் முழுதும் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தலையைச் சாலை போகிற போக்கிலேயே, நீளவாக்கில் கட்டுவது. சாரம் நடுத்திட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். கான்கிரீட் இறுகின பிறகு, தூணுக்கும் தலைக்கும் நடுவில் வைத்திருக்கும் வட்டமான ஜேக், எண்ணெய் அழுத்தத்தால் அதை ஒரு மயிரிழை தூக்கும். பக்கத்து ஜேக்குகள் தள்ளும். தலை மெல்லத் திரும்பிக் குறுக்கே வந்து நிற்கும். கீழே வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும்.

பலகை வேலைக்கு மண்டோர் ஜெயபாலன்தான். அவருக்குக் கீழே பதினான்கு பேர். அடுத்த மாதம் அவருக்கு அறுபது வயது முடிகிறது. இன்னும் பதினொரு தூண் பாக்கி இருந்தது. இந்த முதல் தலை சரியாக வந்தால் மண்டோரை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வயதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம் என்று பெரிய மேனேஜர் பேசினதாக ஒரு பேச்சு சைட்டில் ஓடியது. வீட்டில் உட்கார்ந்தால் பேத்தியோடு இருக்கலாமே என்று வாசுகி ஒரு தரம் சொன்னாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு வருஷம் ஆறு பெருகி, தோட்டத்துக்குப் போகிற பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதைத் திரும்பக் கட்ட வந்தவர்களுக்குப் பலகை தூக்கிக் கொடுக்கப் போனார். பாலம் முடிந்தபோது அவர்களோடேயே கிளம்பிவிட்டார். பிறகு பத்தொன்பது வருஷம் சிங்கப்பூர். தினமும் மோட்டார் சைக்கிளில் போய், தினமும் திரும்பி வந்தார். எத்தனை அடுக்குமாடிக்குப் பலகை அடித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. முட்டி வலி வந்த பிறகுதான் ஜோகூரிலேயே வேலை பார்க்கத் தொடங்கினார்.

பிளான் காகிதத்தில் இருக்கிற இங்கிலீஷ் அவருக்குப் பாதிதான் புரியும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். இன்ஜினியரை ஒரே ஒரு தரம் விளக்கச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கட்டி முடித்த பொருள் கண்ணுக்குள் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பலகையை அறுப்பார். நாற்பது வருஷத்தில் அந்தக் கண் அவரை ஏமாற்றியதில்லை.

இந்தத் தூணுக்கு இன்ஜினியர் ரூபேந்திரன். ஜோகூர் பாரு பையன், முப்பது வயதுகூட இருக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தான்.

“அங்கிள், தலைக்கு மேல பீம் உட்கார்றதுக்கு ஆறு மேடை. ரோடு வளையுற எடம், அதனால மேடை எல்லாம் ஒரே உசரம் இல்ல. பெட்ரோல் கடை பக்கம் வர்ற முனைதான் உசந்தது. அது ஏ. செம்பனை பக்கம் வர்றது பி.”

“பெட்ரோல் கடை பக்கம் ஏ” என்று ஜெயபாலன் திருப்பிச் சொன்னார். கண்ணை மூடினார். சாலை யோங் பெங்கிலிருந்து ஜோகூர் பாருவை நோக்கி வருகிறது. யோங் பெங்கைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் பெட்ரோல் கடை, இடக்கைப் பக்கம் செம்பனைத் தோட்டம். தலை இப்போது நீளவாக்கில் கிடக்கிறது. அது திரும்பும்போது முன்னால் இருக்கிற யோங் பெங் முனை பெட்ரோல் கடைப் பக்கம் வரும். கண்ணுக்குள் அது அழகாகத் திரும்பி வந்து நின்றது. யோங் பெங் பக்கத்துப் பலகையில் சிவப்புச் சாயத்தால் பெரிதாக ‘ஏ’ எழுதினார். அளவு பார்க்கிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து உயரம் குறித்தார்கள். கம்பி கட்டினார்கள். மேடைப் பலகைகள் அடித்தாயிற்று. வியாழக்கிழமை காலையில் கான்கிரீட்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வாசுகி பேத்திக்குச் சுற்றிப் போட்டாள். உப்பும் மிளகாயும் கடுகும் கையில் மூடி, பிள்ளையின் தலையைச் சுற்றி வலமாக மூன்று தரம் சுற்றினாள். ஜெயபாலன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வாசுகியின் கை இடமாகச் சுற்றத் தொடங்கியது.

“ஏன் அந்தப் பக்கம் சுத்துற?”

“மூணு இப்படி, மூணு அப்படி. எங்கம்மா எப்பவும் அப்படித்தான். ஒங்களுக்கு இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுச்சா?”

அவருடைய விரல் பிள்ளையின் பாதத்திலேயே நின்றுவிட்டது.

கோயிலை வலமாகத்தான் சுற்றுவார். கற்பூரத் தட்டு வலமாகத்தான் சுற்றும். திருகாணி திருகுவதும் நட் இறுக்குவதும் வலமாகத்தான். தலையைத் திருப்பப் போகிறார்கள் என்று கேட்டதும் கண்ணுக்குள் அது வலமாகத் திரும்பியது. வேறு பக்கம் ஒன்று இருக்கிறது என்று அவர் நினைக்கவே இல்லை. எந்தப் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

இடமாகத் திரும்பினால்?

எழுந்து போய் ஒரு வட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் அகப்பையை நீளவாக்கில் வைத்தார். அதன் குழிதான் ‘ஏ’ முனை. ஒரு பக்கம் உப்பு டப்பா, அது பெட்ரோல் கடை. இன்னொரு பக்கம் பிள்ளையின் பவுடர் டப்பா, அது செம்பனை. அகப்பையை வலமாகத் திருப்பினார். குழி உப்பு டப்பாப் பக்கம் வந்தது. இடமாகத் திருப்பினார். குழி பவுடர் டப்பாப் பக்கம் போனது. சரி, அப்படியானால் தப்பு. ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தபோது எது வலம், எது இடம் என்று குழம்பியது. யோங் பெங் எங்கே என்றும் தெரியவில்லை. அடுப்பங்கரையா, குளியலறையா?

“அப்பா, என்ன செய்றீங்க?” என்று பிரேமலா அறை வாசலில் நின்று கேட்டாள்.

“நீ கொஞ்சம் இங்க நில்லு. நீதான் பெட்ரோல் கடை.”

“நானா?”

அவர் கூடத்து நடுவில் நின்று ஒரு கையை முன்னாலும் ஒரு கையைப் பின்னாலும் நீட்டினார். மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். முன்னால் நீட்டிய கை சுவரைப் பார்த்துப் போனது. பின்னால் நீட்டிய கை மகளின் பக்கம் வந்தது.

“பின்னால உள்ளதுதான் ஒங்கிட்ட வருது.”

“ஆமா, வருது. அதுக்கு என்னப்பா?”

“அதான் தெரியல” என்றார்.

வாசுகி அகப்பையை எடுத்துக்கொண்டு போனாள். “அவருக்கு முத்திப்போச்சு. நீ போய்ப் படு” என்று மகளிடம் சொன்னாள்.

அன்றைக்குப் படுத்துக் கண்ணை மூடினால் தலை ஒரு தரம் வலமாகத் திரும்பியது. மறுதரம் இடமாகத் திரும்பியது. நாற்பது வருஷம் அவருக்கு ஒன்றை மட்டும் காட்டிய கண், இப்போது இரண்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

புதன்கிழமை காலையில் சாரத்தின் உச்சிக்கு ஏறினார். முட்டி கடகடத்தது. யோங் பெங்கைப் பார்த்து நின்றார். வலப்பக்கம் முன்னால், பெட்ரோல் கடைக்கு இப்பால், சந்திக்கு வெளிச்சம் போடுகிற உயரமான விளக்குக் கம்பம். அவர் நிற்கிற உயரத்தைவிட இன்னும் மேலே போயிருந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்த கம்பம்தான். இன்றைக்குத்தான் அவர் அதைப் பார்த்தார். தலை வலமாகத் திரும்பினால் ‘ஏ’ முனை நேரே போய் அந்தக் கம்பத்தில் இடிக்கும்.

அப்படியென்றால் இடமாகத்தான் திருப்ப வேண்டும். ‘ஏ’ செம்பனைக்குப் போய்விடும். எல்லா மேடையும் தலைகீழ்.

ஆனால் அந்தக் கம்பம் பாலம் வருகிற இடத்திலேயே நிற்கிறது. எப்படியும் அதைப் பிடுங்கத்தான் வேண்டும். தலையைத் திருப்புவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டால் வலமாகத் திருப்பலாம். அப்போது அவர் எழுதியது சரி.

கம்பி கட்டும் செல்வா பக்கத்தில் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான்.

“செல்வா, அந்த வெளக்குக் கம்பத்த எப்ப எடுப்பாங்க?”

“ஏண்ணே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?”

“சொல்லுடா.”

“எடுப்பாங்க லா. பீம் ஏத்துறதுக்கு முன்னால எடுத்துத்தானே ஆவணும்.”

“தலைய திருப்புறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“அத கம்பத்துக்கிட்ட கேளுங்க. நான் கம்பிக்காரன்.” அவர் முகத்தைப் பார்த்தான். “என்னண்ணே, பேத்தி தூங்க விடலியா? ஒங்க கண்ணு ரெண்டும் நண்டு கண்ணு மாரி இருக்கு.”

மத்தியானம் ரூபேந்திரன் வந்தான். போன் காதைவிட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை பதினெட்டு லாரி கான்கிரீட், பம்ப், ஒரு லேனை ஒதுக்குவதற்கு வாங்கின அனுமதி. அந்த அனுமதி வியாழக்கிழமைக்கு மட்டும்தான். தவறினால் மறுபடி எழுதிப் போட்டு எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. ஜெயபாலன் அவன் பின்னாலேயே இரண்டு சுற்று நடந்தார்.

“என்ன அங்கிள்?”

தப்பு என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். சரி என்று தெரிந்தால் பேசாமல் இருக்கலாம். தெரியவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது? பதினான்கு பேருக்கு மண்டோர். முதல் தலை. பதினெட்டு லாரியையும் நிறுத்திவிட்டு, கடைசியில் எழுதியது சரிதான் என்று ஆகிவிட்டால், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். பேசாமல் இருந்து அது தப்பாகப் போனால் முந்நூறு டன் நடுச்சாலையில் தப்பாக நிற்கும்.

“ஒண்ணுமில்ல சார். பலகை எல்லாம் டைட்டா இருக்கு” என்றார்.

“தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டு அவன் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. முதல் லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்து பம்புக்குப் பின்னால் நின்றது. பம்பின் நீண்ட குழாய் சாரத்துக்கு மேலே எழும்பியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு லேனில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு பஸ்ஸின் சன்னல் வழியாகத் தலைகள் அண்ணாந்து பார்த்தன. ஜெயபாலன் லாரியின் வயிறு சுற்றுவதைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கப் போய், அதுவும் குழம்பியது.

நேரே ரூபேந்திரனிடம் போனார்.

“சார், ஊத்த வேணாம்.”

“என்ன அங்கிள்?”

“அந்த ஏ நான் எழுதுனது. வலமா திரும்பும்னு நெனச்சு எழுதுனேன். இடமா திரும்புனா அது தப்பு. எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாளா தெரியல.”

ரூபேந்திரன் சிரிக்கப் போனான். பிறகு சிரிக்கவில்லை. கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து ஒரு படத்தைத் தள்ளி, இன்னொரு படத்தைத் தள்ளி, மூன்றாவதில் நின்றான். அதில் தூணைச் சுற்றி ஒரு வளைந்த அம்புக்குறி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நிமிர்ந்து சாரத்தின் மேலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தான். மறுபடி குனிந்து டேப்லெட்டைப் பார்த்தான்.

“அலமாக், போச்சு” என்றான், மெதுவாக.

கம்பத்தை இப்போது எடுக்கமாட்டார்கள். புது விளக்கு வருகிற வரைக்கும் சந்தி இருட்டாகக் கிடக்கக் கூடாது, வண்டி ஓடுகிற சாலை. அதனால் கம்பத்தை விட்டுவிட்டு, தலையை இடமாகத் திருப்புவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து வரைந்திருந்தார்கள். அந்த அம்புக்குறி வேறொரு காகிதத்தில் இருந்தது. ரூபேந்திரன் ஜெயபாலனிடம் கொடுத்தது முதல் காகிதம் மட்டும்.

“அந்தக் காகிதத்த நான் ஒங்களுக்குக் கொடுக்கல இல்ல அங்கிள்?”

“கொடுத்தீங்களா இல்லியான்னு எனக்கு இப்ப எதுவுமே நெனப்பில்ல சார்.”

பதினேழு லாரியைக் கான்கிரீட் தொழிற்சாலையிலேயே நிறுத்தினார்கள். வந்த ஒரு லாரியைத் தடுப்புக் கட்டை வார்க்கிற அச்சுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். பத்து மணிக்குப் பெரிய மேனேஜர் வந்தார். ரூபேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு வெகு நேரம் பேசினார். பிறகு ஜெயபாலனைக் கூப்பிட்டார். கடைசி நிமிஷம் வரைக்கும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மலாயில் கேட்டார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது என்று ஜெயபாலனும் மலாயில் சொன்னார். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மேடைகளை மாற்று, தலை திரும்பட்டும், திரும்பின பிறகு உன் விஷயத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடைப் பலகைகளைப் பிரித்து, கம்பிக் கூடுகளை இடம் மாற்றி, மறுபடி அடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் செல்வா கிண்டல் பண்ணவில்லை. ஐந்தாம் நாள்தான் தொடங்கினான். “அண்ணே, இதுதான் கடைசியா, இல்ல நாளைக்கும் பிரிக்கணுமா?” அவர் பதிலுக்கு அவன் தொப்பியில் ஒரு தட்டு தட்டினார். ‘ஏ’ ஜோகூர் பாருப் பக்கம் போனது. அதை ரூபேந்திரன் மூன்று தரம் பார்த்தான். ஜெயபாலன் ஒரு தரமும் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி குழம்பிவிடும் என்று பயந்தார்.

புது அனுமதி வந்து கான்கிரீட் ஊற்றி, அது இறுகி, தலையைத் திருப்புகிற நாள் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் பேத்தி முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. தன்னைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தது என்று ஜெயபாலனும், தன்னைப் பார்த்துத்தான் என்று வாசுகியும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு. கீழே வண்டிகளை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரமாக விட்டார்கள். சாரத்தை முன்பே பிரித்துவிட்டதால் தலை தூணின் மேல் தனியாக, நீட்டிப் படுத்தமாதிரி கிடந்தது. ஜேக் ஆட்கள் எண்ணெய் ஏற்றினார்கள். அரை மணி நேரம் எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு யாரோ கையைக் காட்டினார்கள். ஜோகூர் பாரு முனை, வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் கவனிக்காத அளவுக்கு மெதுவாக, பெட்ரோல் கடையை நோக்கி நகர்ந்தது.

ஜெயபாலன் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தானும் இடப்பக்கம் சாய்ந்தார். தலை விளக்குக் கம்பத்தின் பக்கமே போகவில்லை. முக்கால் மணி நேரத்தில் குறுக்கே வந்து நின்றது. உயர்ந்த மேடை பெட்ரோல் கடைப் பக்கம் இருந்தது. அளவு பார்க்கிறவர்கள் மேலே ஏறினார்கள். அவர்கள் இறங்கி வரும்வரை ஜெயபாலன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இறங்கி வந்து ரூபேந்திரனிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். அவன் அதை மேனேஜரிடம் காட்டினான். மேனேஜர் தலையை ஆட்டினார். இந்தப் பக்கம் திரும்பி ஜெயபாலனை ஒரு பார்வை பார்த்தார். ரூபேந்திரனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ரூபேந்திரன் நடந்து வந்தான்.

“அடுத்த பதினொண்ணும் நீங்கதான் அங்கிள். ஒரே ஒரு கண்டிஷன் சொல்லிட்டுப் போறாரு. ஏ, பி எல்லாம் நான்தான் எழுதணும்.”

ஜெயபாலன் திரும்பி நின்ற தலையைப் பார்த்தார். கையை முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் நீட்டிப் பார்த்துவிட்டு, மடக்கிக்கொண்டார்.

“எழுதுங்க சார். எழுதுறப்ப பக்கத்துலயே எந்தப் பக்கம் திரும்பும்னு ஒரு அம்பும் போட்டுடுங்க. இப்ப கண்ணால பார்த்தேன், ஆனா அது எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னமும் புரியல.”